பகலில் எரிந்த விளக்குகள்

என் மகள் பிரியா கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் வீடு மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில். காலையில் பேருந்தில் போவாள். மாலையில் பேருந்தை விட்டுவிட்டால், மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளோடு இறங்கும் குமரேசனின் பழைய பிக்கப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்துவிடுவாள். சமீபத்தில் அப்படி வந்த ஒரு மாலையில், தோசையைப் பிய்த்துக்கொண்டே சிரித்தபடி சொன்னாள்.

"இன்னிக்கு வளைவுல லைட்டு ரெண்டும் பொசுக்குனு போயிடுச்சிப்பா. பனி வேற. குமரேசன் அண்ணன் செல்போன்ல லைட்டு போட்டு என் கைல குடுத்து, 'டீச்சர், கொஞ்சம் வெளிய நீட்டிப் புடிங்க'ன்னாரு. அப்பிடியே உருட்டிக்கினு வந்து சேந்துட்டோம்."

"போறதுக்கு முன்ன எதுனா வாசனை வந்துச்சா?"

"ஆமா, பிளாஸ்டிக் எரியிற மாதிரி. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து கை கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டாமல் நின்றுகொண்டிருந்தேன் என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

நான் வாகன எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று பணிமனையில் எனக்குப் பின் வந்தவர்கள் கேட்டபோதெல்லாம், ஒயரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தட்டிக் கழித்தேன். அந்த மாலைக்குப் பிறகு உள்ளே ஒரு நடுக்கம் வந்து தங்கிவிட்டது. மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான் சரியாகவில்லை. எழுதினால் சற்று அடங்குமோ என்று எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ. படித்தது, லாரி பட்டறைகளில் டைனமோவுக்குக் கம்பி சுற்றியது, பேட்டரி ஆசிட்டில் சட்டைகளை ஓட்டையாக்கிக்கொண்டது எல்லாம் சேர்ந்து இந்த ஒரு வரிக்கு மேல் தேறாது. எனக்கு முதலில் மாதச் சம்பளம் கொடுத்தது கள்ளக்குறிச்சியில் அப்போது இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அதன் வண்டிக் கொட்டகையில் ஒரு ஜீப்பும் ஒரு பிக்கப்பும் இருந்தன. பிக்கப்பின் பின்பக்கம் வளைவுக் கம்பி அடித்துத் தார்ப்பாய் போர்த்தி, உள்ளே ஒரு நீள மெத்தை போட்டிருந்தார்கள். மலையிலிருந்து நோயாளிகளை இறக்கி வருவது அதன் வேலை. ஓட்டுநர் மாணிக்கம் அண்ணன்.

கொட்டகைக்குப் பொறுப்பாளர் தேவராசு சார். பட்டாளத்தில் வண்டி பார்த்தவர். ஒரு வண்டி உள்ளே வந்து நின்றதும் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டுநர் பக்க ஜன்னலுக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பார். பிறகு சுற்றி வந்து அடுத்த ஜன்னலிலும் மோப்பார். மாணிக்கம் அண்ணன் பின்னால் நின்று, "ஆமா, சட்டியில கொழம்பு கொதிக்குது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முனகுவார். சாருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. மனம் சரியாக இருக்கும்போது எங்களை 'வா, போ' என்பார். கோபம் வந்துவிட்டால் குரல் உயராது, 'வாங்க, போங்க' ஆகிவிடும். "நீங்க செஞ்சதுங்களா இது?" என்று அவர் கேட்டால் கொட்டகையில் ஒரு ஸ்பானர் சத்தமும் கேட்காது.

அந்த பிக்கப்பில் முகப்பு விளக்கின் ஸ்விட்ச், டேஷ்போர்டில் வெளியே இழுக்கும் குமிழாக இருந்தது. விளக்குகளுக்குப் போகிற மின்சாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே இரண்டு உலோகப் புள்ளிகள் ஒன்றையொன்று தொடும். தொடுகிற இடம் மிளகளவுதான். புள்ளி கறுத்தால் தொடுகை குறையும், குறைந்த இடத்தில் சூடேறும், சூட்டில் இன்னும் கறுக்கும். போதாததற்கு, மலைப்பனியில் பாதை தெரியவில்லை என்று மாணிக்கம் அண்ணன் பெரிய பல்புகளாகப் போட்டு வைத்திருந்தார். பெரிய பல்பு அதிக மின்சாரம் இழுக்கும். குமிழ் தொட முடியாதபடி சுடும்.

பழுது பார்க்கும் முறை இது. பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். ஸ்விட்சை வெளியே எடுத்து, அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டுதான் பின்மூடியைப் பிடித்திருக்கும் தகரக் காதுகளை நிமிர்த்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பறந்து போய்விடும், கொட்டகைத் தரையில் அதைத் தேடிப் பயனில்லை. புள்ளிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க சார் விடமாட்டார். தேய்த்தால் மேல்பூச்சு போய் அடுத்த வாரமே முன்னைவிடக் கறுக்கும். தடித்த காகிதத்தைப் பெட்ரோலில் நனைத்து இடையில் விட்டு இழுக்க வேண்டும். தளர்ந்த இணைப்புகளைக் குறட்டால் நெருக்கி, கருகின ஒயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டித் தள்ளிப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து விளக்கு எரிந்தாலும் வேலை முடிந்ததாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. "கை வச்சிக்கினு ஒக்காரு" என்பார். விளக்கைப் போட்டுவிட்டு, குமிழின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நான் வண்டியில் உட்கார வேண்டும். அவர் எதிர்க் கடைக்குப் போய் டீ குடித்து, பேப்பர் பார்த்து, கடைக்காரரிடம் பேசிவிட்டு நிதானமாக வருவார். வந்து ஸ்விட்சைத் தொட மாட்டார். என் உள்ளங்கையைத் திருப்பி, தன் விரல்களின் பின்புறத்தால் தொட்டுப் பார்ப்பார்.

"ஸ்விட்ச் அப்பப்ப மாறும். கை பொய் சொல்லாது" என்றார் ஒருமுறை. விளக்கமாக அவர் சொன்னது அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போதுதான் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் தொடங்கியது. சாலை மறியல். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பேருந்து இல்லை, பால் வண்டி இல்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு வண்டியிலேயே காய்ந்தது. வடக்கே துப்பாக்கிச் சூடு என்றும் சாவு என்றும் செய்தி வந்துகொண்டிருந்தது. மறியலில் நின்றவர்கள் யாரோ அல்ல. என் மனைவியின் தம்பி கோடாலியோடு போனான். ஊரில் படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களும், கரும்பு வெட்டப் போகிறவர்களும் ஒன்றாக ரோட்டில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும். அதை இல்லை என்று சொல்ல எனக்கு அன்றும் வாய் வரவில்லை, இன்றும் வராது.

நோயாளி வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதில் அவர்களுக்குள் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. எது நோயாளி வண்டி என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் சிக்கல். வெள்ளைத் துணி கட்டிய வண்டிகளை முதலில் விட்டார்கள். பிறகு கண்டவனெல்லாம் வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வந்தான். யார் தொடங்கியது என்று தெரியாது, நாளடைவில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. உள்ளே நோயாளி ஏறியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை, பட்டப்பகலிலும் முகப்பு விளக்கு இரண்டும் எரிய வேண்டும். துணி கிட்டே வந்தால்தான் தெரியும். விளக்கு தூரத்திலேயே தெரியும். பார்த்ததும் எழுந்து கிளைகளை ஒதுக்கத் தொடங்கிவிடுவார்கள், நாங்கள் போய்ச் சேரும்போது வழி இருக்கும். வண்டி நிற்கவே தேவையில்லை. விளக்கில்லாமல் வரும் வண்டி மறியலை மதிக்காத வண்டி. அதற்குக் கல்.

சுற்றுவழிகளில் ஊர்ந்து வருவதால் விளக்கு பாதி நாள் எரிந்தது. ஸ்விட்ச் தாங்கவில்லை. சுத்தம் செய்தேன், புதிதாக மாற்றினேன், புதியதும் கருகியது. கடைசியில் சாரிடம் போய் நின்றேன்.

"ஒரு ரிலே போட்டுடலாம் சார். லோடு பேட்டரியிலேர்ந்து நேரா லைட்டுக்குப் போயிடும். ஸ்விட்ச்சுக்கு ரிலேவத் தட்டி வுடுற வேலை மட்டுந்தான்."

"ரிலே போயிடுச்சின்னா?"

"போவாது சார்."

"ஸ்விட்ச்சு போவறதுக்கு முன்ன சுடும், நாறும், சொல்லிட்டுப் போவும். ரிலே சொல்லாமப் போவும். மலை வளைவுல ரெண்டு லைட்டும் சொல்லாமப் போனா இன்னா பண்ணுவீங்க?"

'பண்ணுவீங்க' வந்துவிட்டதால் பேச்சு முடிந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. அதற்குப் பதிலாக அவரே ஒரு வழி சொன்னார். மறியல் இல்லாத இடங்களில் விளக்கை அணைத்து ஸ்விட்சை ஆற விட வேண்டும், தூரத்தில் ஆட்கள் தெரிந்ததும் போட வேண்டும். மாணிக்கம் அண்ணன் சரி என்றார். எங்கள் யாருக்கும் அதில் குறை தெரியவில்லை.

மலையில் ஒரு சிற்றூரிலிருந்து பிரசவ வலி கண்ட பெண்ணை டோலியில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பெயர் செல்லம்மா. முதல் பிரசவம், வலி வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் புருஷனும், ஊர்க்காரப் பெண் ஒருத்தியும் கூடப் பின்னால் ஏறினார்கள். வழியில் ஸ்விட்ச் போனால் மாற்ற வேண்டும் என்று நானும் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கச்சிராயபாளையம் வரை தடையில்லை. விளக்கைப் பார்த்ததும் எழுந்து நின்று வழி விட்டார்கள், ஒருவன் கும்பிட்டான். பிறகு குமிழ் நாறத் தொடங்கியது. மாணிக்கம் அண்ணன் என்னைப் பார்த்தார். குமிழைத் துண்டால் பிடித்து உள்ளே தள்ளி விளக்கை அணைத்தேன்.

இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு. எங்களுக்கு ரோட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. வளைவில் திரும்பியதும் ஓடைப் பாலம், குறுக்கே முழு மரம், பாலக் கட்டையின் மேல் ஆட்கள். குமிழை இழுத்தேன். விளக்கு எரிந்தது. அதற்குள் ஒரு கல் வந்து இடது விளக்கை உடைத்தது.

பாலத்துக்குப் பக்கத்து மரத்தில் ஒருவன் ஏறி உட்கார்ந்திருந்தான். கரும்புக்கு மேலே எங்கள் தார்ப்பாய், விளக்கில்லாமல் வருவதை அவர்கள் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"எங்களப் பாத்ததும் லைட்டு போடுறியா? யாரு காதுல பூ சுத்துற?"

"தம்பி, உள்ள புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்குப்பா" என்றார் மாணிக்கம் அண்ணன்.

"இதையே சொல்லித்தான் ஒருத்தன் அரிசி மூட்டை ஏத்திக்கினு போனான். பொண்ணு இருந்தா லைட்ட ஏன்யா அணைச்சிக்கினு வந்த?"

"ஸ்விட்ச்சு சுடுதுப்பா" என்றார் அண்ணன்.

பாலமே சிரித்தது. "ஸ்விட்ச்சு சுடுதாம்டா! வெளக்கெண்ணெய் தடவிக்க!" உண்மைதான் என்று நானும் அதையே திரும்பச் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். மாணிக்கம் அண்ணனைச் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். பின்னாலிருந்து அவள் கத்தியது, இந்தச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை.

ஒரு பையன், என் வயதிருக்கும், கேலி செய்துகொண்டே ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் குமிழைப் பிடித்தான். மறுகணம் கையை உதறினான். விரல்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பின்னால் ஓடித் தார்ப்பாயைத் தூக்கினான்.

"டேய்! மரத்தப் புடிங்கடா! புடிங்கடா டேய்!"

அதன் பிறகு அவர்கள் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டும். கிளை என்றால் சட்டென்று ஒதுக்கியிருப்பார்கள், அது முழு மரம். தூரத்தில் விளக்கைப் பார்த்திருந்தால் நாங்கள் வருவதற்குள் புரட்டியிருப்பார்கள். இப்போது தோள் கிழியத் தள்ளினார்கள். அந்தப் பையன் உடைந்த விளக்குக்கு மேலே பானட்டில் ஏறி உட்கார்ந்து, சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டே டவுன் வரை வந்தான். அதன் பிறகு ஒரு மறியலிலும் நாங்கள் நிற்கவில்லை.

செல்லம்மா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. நேரத்தோடு வந்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. வராந்தாவில் அவள் புருஷன் என் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, வெளக்க ஏன் அணைச்சி அணைச்சிப் போட்டீங்க?"

"ஸ்விட்ச் சூடாவுதுப்பா. அதான்."

அவன் தலையாட்டினான். வண்டிக்காரர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது போல, கேட்ட கேள்விக்கு முழுப் பதில் கிடைத்துவிட்டது போல ஆட்டினான். அவன் என்னை அடித்திருந்தால் நான் மறந்திருப்பேன். பானட்டில் வந்த பையன் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். போகச் சொல்லியும் இருட்டும்வரை போகவில்லை.

மறுநாள் தேவராசு சார் பிக்கப்பின் ஜன்னலில் மோந்து பார்க்கவில்லை. தானே போய் வாங்கி வந்த இரண்டு ரிலேக்களை என் மேசையில் வைத்தார்.

"ஒண்ணு போதுமே சார்."

"ஒவ்வொரு லைட்டுக்கும் ஒண்ணு போடு. ஃபியூசும் தனித்தனி. ஒண்ணு சொல்லாமப் போனா இன்னொண்ணு இருக்கும்" என்றார். சற்று நின்று, "நேத்து எவ்ளோ நேரம் நின்னீங்க அங்க?" என்று கேட்டார். கோபத்தின் 'ங்க' அல்ல அது. எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் கேட்டார். ஆனாலும் என் காதில் வேறு மாதிரி விழுந்தது. தெரியவில்லை சார் என்றேன். அவர் டீக்கடைக்குப் போகவில்லை. வேலை முடிந்ததும் என் கையைத் தள்ளிவிட்டுத் தானே குமிழில் உள்ளங்கையை வைத்து, வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். நான் கூப்பிடும்வரை எழவில்லை.

அதன் பிறகு பல பணிமனைகள், பல வண்டிகள். எத்தனையோ கருகிய ஸ்விட்சுகளை மாற்றினேன். எதற்கும் மனம் இப்படிப் பதறியதில்லை, என் மகள் செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டும்வரை.

முதலில், மாறுதல் கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லிப் பிரியாவைக் கெஞ்சினேன். "புள்ளைங்க காட்டு வழியா நடந்து வர்றாங்கப்பா. நான் வண்டியில வரப் பயந்துக்கினா எப்பிடி?" என்றாள். அந்த வாரக் கடைசியில் குமரேசனை வண்டியோடு வீட்டுக்கு வரச் சொன்னேன்.

டேஷ்போர்டின் நடுவில் இருந்த ஸ்விட்சைக் கழற்றினேன். பின்பக்கத்துப் பிளாஸ்டிக் மெழுகாக உருகியிருந்தது. பெரிய பல்புகள். போதாததற்குப் பனிக்காக இரண்டு கூடுதல் விளக்குகள், அதே ஒயரில் இருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன.

"பனியில ஒண்ணுந் தெரியலீங்களே, இன்னா பண்ணச் சொல்றீங்க?" என்றான் குமரேசன். மாணிக்கம் அண்ணனின் அதே வார்த்தை.

"வெளிச்சம் ஜாஸ்தி வச்சிக்க, தப்பில்ல. கரண்டு போற வழிய மாத்திக் குடுக்கறேன்."

வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டு வேலை செய்தேன். இடது விளக்குக்கு ஒரு ரிலே, வலது விளக்குக்கு ஒன்று, பனி விளக்குகளுக்கு வேறொன்று, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். புது ஸ்விட்ச். ஒயர்களை வண்டியின் தகரத்தில் உரசாதபடி கட்டினேன். ஓரிடத்தில் பற்றவைத்தது திருப்தியாக இல்லாமல் பிரித்து இரண்டாம் முறை பற்றவைத்தேன்.

திங்கட்கிழமை காலை, நல்ல வெயில். பிரியாவைப் பிக்கப்பிலேயே போகச் சொன்னேன், நானும் வருகிறேன் என்றேன். அவள் ஜன்னலோரம், நான் நடுவில்.

"லைட்டப் போடு. மேல போயிச் சேர்ற வரைக்கும் அணைக்காத."

"பகல்லயாங்க? சனம் சிரிக்கும்" என்றான் குமரேசன்.

"சிரிக்கட்டும்."

ஸ்விட்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். பிரியா என் கையையும் முகத்தையும் பார்த்தாள். கடைத்தெருவில் சிலர் கையை மடக்கி விரித்து, விளக்கு எரிகிறது என்று சைகை காட்டினார்கள். குமரேசன் நெளிந்தான்.

கடைத்தெரு முடியும் இடத்தில் ஒரு டீக்கடை. வாசலில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவருக்கு என் வயதிருக்கும். எங்கள் விளக்குகளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். கிளாசை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தார். குறுக்கே நின்ற சைக்கிளைத் தூக்கி ஓரமாக வைத்தார். எதிரே வந்த கரும்பு டிராக்டரைக் கையை விரித்து நிறுத்தினார். டிராக்டர்க்காரன், "இன்னா பெரியப்பா, இன்னா ஆச்சி?" என்று கத்த, "நில்லுடா, வண்டி வருது பாரு" என்றார். நாங்கள் அருகில் போனதும் குமரேசன் தானாக வேகத்தைக் குறைத்து நிறுத்தினான். அவர் ஜன்னலுக்குள் குனிந்தார்.

"உள்ள யாருங்க? உயிருக்கு எதுனாவா?"

ஈரம் சொட்டும் அந்தக் கை ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்தது. எந்தப் பாலத்தில் நின்றீர்கள் என்று கேட்க நினைத்தேன். அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பாலத்தில் நின்றவர்கள்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. எம் பொண்ணு. வேலைக்குப் போறா."

அவர் பிரியாவைப் பார்த்தார். அவள் தோளில் மாட்டியிருந்த பையையும் மடியில் இருந்த சாப்பாட்டுக் கூடையையும் பார்த்தார். முகம் மெல்லத் தளர்ந்தது.

"அப்பிடியா? அப்ப சரி. போங்க, போங்க" என்றார். ஆனாலும் நாங்கள் கடக்கும்வரை டிராக்டரை விடவில்லை.

மலையடிவாரத்து அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவு, அடுத்தது, அதற்கடுத்தது. மரநிழல் விழுந்த இடங்களில் மட்டும் எங்கள் வெளிச்சம் ரோட்டில் தெரிந்தது. பிரியா என் கையை ஸ்விட்சிலிருந்து எடுத்து, திருப்பி, உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சில்லுனு இருக்குப்பா. போதும், எடுத்துடுங்க."

சரி என்றேன். கையை மறுபடி ஸ்விட்சின் மேல் வைத்துக்கொண்டேன்.